படுக்கையருகே வீட்டு இசை

அறுவை சிகிச்சைக்கு வருவோர் மாற்றுடையையும் மருந்துச் சீட்டையும் மறவாது கொணர்கின்றனர். பல்லாண்டு கேட்டுப் பழகிய பாடல்களையோ வீட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அறிமுகமற்ற கூடத்தில் கண்விழிக்கும் முதியவருக்கு அது வீண் இழப்பு என்பதே என் கருத்து. அறுவைக்குப் பிந்தைய வலியையும் பதற்றத்தையும் இசை குறைப்பதாக 2015இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

வீட்டுக் கணினியில் சேமித்துள்ள பாடல்களை ஜெல்லிஃபின், நேவிட்ரோம் போன்ற இலவச மென்பொருள்கள் இணையவழியே கைபேசிக்கு அனுப்பும். கணினி இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும். வலுவான கடவுச்சொல்லும் வேண்டும். 128 கிலோபிட் தரத்தில் மணிக்குச் சுமார் 58 மெகாபைட்டே செலவாகும்.

உறவினர்களே, வீட்டு இளையோர் துணையுடன் இதனை முன்னரே அமைத்துச் சோதித்துவிடுங்கள். நோயாளி விரும்பும்போது மட்டும், இயர்போனில், தாழ்ந்த ஒலியில் கேட்கட்டும். வலி மிகுந்தால் இசையை நம்பிக் காத்திராமல் செவிலியரிடம் உடனே கூறுங்கள்.