காவல் மக்களிடம், கடைசி முடிவு அரசிடம்

புது தில்லி: சரணாலயத்தை அரசு அறிவிக்கும், வனத் துறை காக்கும், சுற்றுப்புற மக்கள் விலகி நிற்க வேண்டும் என்பதே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வகுத்த நடைமுறை. இதற்கு மாறாக, அரசாணைக்குக் காத்திராமல் தங்கள் காட்டைத் தாங்களே சரணாலயமாக்கி 1998 முதல் காத்து வருகின்றனர் நாகாலாந்தின் கோனோமா கிராம மக்கள். இத்தகையோருக்கு நாடாளுமன்றம் அளித்த அங்கீகாரம் போதுமானதா என்ற கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை.

கோஹிமாவிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள அங்காமி நாகர்களின் ஊர் கோனோமா. 1879-ல் ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்ற வரலாறு அதற்கு உண்டு. வேட்டை இங்கு உணவுக்கான வழி மட்டுமல்ல, கௌரவத்தின் அடையாளமும்கூட. 1993-ல் ஒரே வாரத்தில் சுமார் 300 டிராகோபன் பறவைகள் வேட்டையாடப்பட்டதாகக் கூறப்படுகிறது. கோழி இனத்தைச் சேர்ந்த இப் பறவைதான் நாகாலாந்தின் மாநிலப் பறவை.

அதன் அழிவை உணர்ந்து ஊர்ப் பெரியவர்கள் வேட்டைத் தடையை முன்வைத்தபோது, எதிர்ப்பு ஊருக்குள்ளிருந்தே கிளம்பியது. நீண்ட விவாதத்துக்குப் பின்னரே சுமார் 20 சதுர கி.மீ. காடு சரணாலயமானது. இளைஞர்கள் தன்னார்வலர்களாகக் காவல் புரிகின்றனர். மீறுவோருக்குக் கிராமக் கவுன்சில் அபராதம் விதிக்கிறது.

சட்டத்தின் இரு முகங்கள்

கோனோமா முடிவெடுத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே, 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் "சமுதாயக் காப்பகம்" என்ற பிரிவு சட்டத்தில் இடம்பெற்றது. வன உயிரினங்களைக் காக்கத் தாமாக முன்வருவோரின் நிலத்தை மாநில அரசு காப்பகமாக அறிவிக்கலாம். கிராமப் பிரதிநிதிகள் குறைந்தது ஐவரும் வனத் துறைப் பிரதிநிதி ஒருவரும் கொண்ட குழு அதனை நிர்வகிக்கும். மத்திய அரசின் நிதியுதவிக்கும் வழி உண்டு.

ஆனால், அறிவிப்பு வெளியானபின் நிலப் பயன்பாட்டை மாற்றக் குழுவின் தீர்மானம் மட்டும் போதாது; மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். அதாவது, முன்வருவது மக்களின் விருப்பம். முன்வந்தபின் தங்கள் நிலம் குறித்துத் தனித்து முடிவெடுக்க அவர்களால் இயலாது. 2022-ல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டபோதும் இந்த விதி தொடர்ந்தது.

இன்று நாட்டில் 200-க்கும் மேற்பட்ட சமுதாயக் காப்பகங்கள் உள்ளன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை நாகாலாந்திலும் மேகாலயத்திலும் அமைந்திருப்பது தற்செயல் அல்ல. நாகாலாந்தின் காடுகளில் சுமார் 88 சதவீதம் மக்களுக்கே சொந்தம். நிலம், அதன் வளங்களின் உரிமை தொடர்பான நாடாளுமன்றச் சட்டம் எதுவும் மாநிலப் பேரவை தீர்மானித்தாலன்றி அங்கு பொருந்தாது என்கிறது அரசியல் சாசனத்தின் 371-ஏ பிரிவு. நிலம் தங்களுடையது என்ற உறுதி உள்ள இடத்தில்தான் மக்கள் துணிந்து முன்வருகின்றனர்.

அந்த மக்களின் வலிமைக்குச் சான்று தோயாங் நீர்த்தேக்கம். வலசை வந்த அமுர் வல்லூறுகள் 2012-ல் அங்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த வேட்டை நின்றது. அரசின் எச்சரிக்கையும் தொண்டு நிறுவனங்களின் பிரசாரமும் உதவின என்றாலும், கிராமக் கவுன்சில்களின் தடை இன்றி அது சாத்தியமாகியிருக்காது.

மக்கள் பங்கேற்பைப் பாராட்டாத அரசு இல்லை. ஆனால், காவல் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு இறுதி முடிவைத் தன்னிடமே வைத்துக்கொள்வது பங்கேற்பு ஆகாது. மற்ற மாநிலங்களிலும் கோனோமாக்கள் உருவாக வேண்டுமெனில், மக்களை நம்பும் துணிவு முதலில் சட்டத்துக்கு வர வேண்டும்.