சிறுவாடு யார் பெயரில்?

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கறுப்புப் பணம் வெளியே வந்ததோ இல்லையோ, வீட்டுக்கு வீடு சிறுவாட்டுப் பணம் வெளியே வந்தது. அரிசிப் பானைக்குள்ளும் புடவை மடிப்பிலும் இவ்வளவு இருந்ததா என்று கணவர்கள் வாய் பிளந்தார்கள். இல்லத்தரசிகள் வங்கியில் போட்ட இரண்டரை லட்சம் ரூபாய் வரையான தொகையைக் கணக்கில் காட்டாத வருமானமாகக் கருதக் கூடாது என்று 2021-ல் ஆக்ராவின் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது.

அந்தப் பணம் வந்த வழி ஒன்றும் மர்மமில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது பல அடுப்புகளில் மோர்க்குழம்பும் புளிக்குழம்பும் மாறி மாறிக் கொதித்தன. ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வந்த சேதி தெரிந்ததும் பையோடு போய் வரிசையில் நிற்பவர் இல்லத்தரசி. வெயில் காலத்தில் மிளகாயும் மல்லியும் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து வைத்தால், மசாலா பாக்கெட் வாங்கும் செலவு மிச்சம். மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், மீட்டரில் அவருக்கு எப்போதும் ஒரு கண். பிள்ளைகளைத் தானே உட்காரவைத்துப் படிக்கவைப்பதில் டியூஷன் கட்டணம் நிற்கிறது. சம்பளம் அதேதான்; மாதக் கடைசியில் கைமாற்று கேட்க வேண்டிய நிலை மட்டும் வருவதில்லை.

இதைச் சம்பாத்தியம் என்று சொல்ல நமக்கு இன்னும் வாய் வரவில்லை. 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்கிறோம். 2024-ம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியான மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்துக்குப் புரிந்தது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் புரிய வேண்டும்.

சிக்கனத்தைப் பாராட்டும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியில் இருப்பதுதான் அம்மாவின் சாப்பாடு. முட்டை பிள்ளைகளுக்கு, முழங்கால் வலிக்குத் தைலம் போதும், டாக்டர் அடுத்த மாதம். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை கண்டறியப்பட்டது. இதற்கு வறுமை, மகப்பேறு எனப் பல காரணங்கள் உண்டு. கடைசியாகச் சாப்பிடும் வழக்கமும் அதில் சேரும். உடம்பைக் கொடுத்துச் சேர்க்கும் காசு பின்னால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

சேர்ந்த பணத்தின் கதையும் சோகம்தான். மைத்துனன் கல்யாணம், வண்டிக்கு முன்பணம் என்று அவசரம் வரும்போதெல்லாம் சிறுவாடு கரைகிறது. வாங்கிய பொருள் யார் பெயரிலோ இருக்கிறது. தப்பியது பதிவில்லாத தீபாவளிச் சீட்டில் போய், நடத்தியவர் ஊரைவிட்டு ஓடினால் அதுவும் போச்சு. பானைப் பணத்துக்கு வட்டி கிடையாது, சாட்சியும் கிடையாது.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயை நேராகப் பெண்களின் வங்கிக் கணக்கில் சேர்த்தது. அரசு காட்டிய அந்த வழியை வீடும் பின்பற்றலாம். மாத வரவும் செலவும் கணவன், மனைவி இருவருக்கும் தெரியட்டும். சாப்பாடும் வைத்தியமும் வெட்டுப் பட்டியலில் வரவே கூடாது. மிச்சப்படுத்தியது மிச்சப்படுத்தியவர் பெயரிலேயே சேரட்டும். மாதம் 100 ரூபாய் இருந்தாலே அஞ்சலகத்தில் ஆர்.டி. தொடங்கிவிடலாம்.

அடுத்த சம்பள நாளில் செலவுப் பட்டியல் எழுத உட்காரும்போது, வாடகைக்கும் பால் கணக்குக்கும் முன்னால் இல்லத்தரசியின் பெயரில் ஒரு தொகையை எழுதுங்கள்.