பின்சக்கரம் கேட்கும் டயர்

தில்லியில் பெரிய காரை வாங்குகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர். பெட்ரோல், சர்வீஸ் போன்ற விஷயங்களில் இந்தப் பிரிவினையால் பெரிய நஷ்டமில்லை. டயர் விஷயத்தில் உண்டு. டயரைத் தேர்ந்தெடுப்பவர் பின் இருக்கையில் பேப்பர் படிக்கிறார். அது வழுக்குகிறதா, பிடிக்கிறதா என்று முதுகெலும்பில் உணர்கிறவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை.

ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா நாலாவின் கரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது மதராசி கேம்ப். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் குடியிருப்பு. பெண்கள் பலர் சுற்றுவட்டாரக் காலனிகளின் வீட்டு வேலைக்குப் போனார்கள். ஆண்களில் ஒரு பகுதியினர் கார் சாவி வாங்கப் போனார்கள். தெற்கு தில்லியில் பளபளக்கும் வெளிநாட்டுப் பெயர் கொண்ட காரின் ஸ்டியரிங்கில் ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

இந்தத் தொழிலின் பழைய தலைமுறைக்குப் பின்சக்கர இழுவை என்பது புதிய சங்கதியே அல்ல. அம்பாசடர், பத்மினி, காண்டெஸா எல்லாமே பின்சக்கரம் தள்ளி ஓடிய வண்டிகள்தான். ஈரத் தார்ச்சாலையில் திருப்பத்தில் அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் விலகி வரும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இழுவை முன்சக்கரத்துக்குப் போனது. அதன் பிறகு வந்த பெரும்பாலான சிறிய கார்கள் அதே வழிதான். அவற்றில் வேகம் மிஞ்சினால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு தலைமுறை டிரைவர்கள் இந்தப் பழக்கத்தில்தான் தொழில் கற்றார்கள்.

இப்போது அவர்கள் கையில் பி.எம்.டபிள்யூ. 330ஐ மாதிரி ஒரு வண்டி கொடுக்கப்படுகிறது. செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில் பூட்டப்பட்டு, 2019-ல் இந்தியச் சந்தைக்கு வந்த மாடல் இது. 258 குதிரைத் திறன், 400 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. அந்தக் காலத்தில் அதிகாரிகளின் அந்தஸ்துச் சின்னமாக இருந்த காண்டெஸாவின் இசூஸு என்ஜின் 90 குதிரைத் திறனைக்கூடத் தொட்டதில்லை. அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி இங்கே இரண்டே பின்சக்கரங்கள் வழியாகச் சாலையில் இறங்க வேண்டும். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலம்தான்.

அந்த உள்ளங்கையின் பிடிப்பை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். வண்டியை முன்னே தள்ள, பக்கவாட்டில் திருப்பத்தைத் தாங்க, பிரேக் போட எல்லாவற்றுக்கும் அதே ஒரு தொகைதான். தள்ளுவதற்கே முழுவதையும் செலவழித்துவிட்டால் திருப்பத்துக்கு மிச்சமில்லை. பின்பக்கம் சுழல்கிறது. காரிலுள்ள மின்னணுக் கட்டுப்பாடு செலவை அடக்கும். என்ஜினின் சக்தியைக் குறைக்கும், ஒரு சக்கரத்துக்குத் தானே பிரேக் போடும். சம்பளத்தைக் கூட்ட அதனால் முடியாது. அதைக் கூட்டுவது ரப்பர் ஒன்றுதான்.

தில்லியில் இந்தச் சம்பளத்தில் பாதியைப் பிடித்தம் செய்வது மழை. 2024 ஜூன் 28-ந் தேதி சப்தர்ஜங் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 228 மி.மீ. மழை பதிவானது. 1936-க்குப் பிறகு ஜூன் மாதத்தில் அவ்வளவு பெய்ததில்லை. தெற்கு தில்லியின் மழைநீரில் பெரும்பங்கை யமுனைக்குக் கொண்டுபோக வேண்டியது பாராபுல்லா நாலா. அது அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்குகிறது என்ற வழக்கில்தான் 2025 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் மதராசி கேம்ப்பை அகற்ற உத்தரவிட்டது. ஜூன் 1-ந் தேதி புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள் போயின. தகுதியானவர்கள் என்று கணக்கிடப்பட்ட குடும்பங்களுக்கு நகரத்தின் வடகோடியில், சுமார் 40 கி.மீ. தள்ளி, நரேலாவில் வீடு. பட்டியலில் இடம்பெறாதவர்களும் கணிசம். ஜங்புராவில் சாவி வாங்க நடந்துபோனவர் இப்போது இருட்டோடு எழுந்து பஸ் மாறி மாறி வருகிறார். களைத்த கண்களோடு 258 குதிரைகளை ஓட்டுகிறவருக்கு நல்ல டயர் சலுகை அல்ல, அடிப்படைத் தேவை.

தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போகும் டயர் ஒரு கட்டத்தில் சாலையை விட்டுத் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கிறது. அந்த வேகத்தை 1960-களில் அமெரிக்காவின் நாசா விமான டயர்களை வைத்துக் கணக்கிட்டது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு அது கூடுகிறது. வரிப்பள்ளம் தேய்ந்த டயரில் 32 பவுண்டு காற்று இருந்தால் சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கும், 24 பவுண்டுதான் என்றால் 82-லேயே. கார் டயருக்கு இந்தக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனால் போக்கு அதேதான்: காற்று குறைந்தால், வரி தேய்ந்தால், மிதப்பு முந்திக்கொள்ளும். இன்னொரு சங்கடமும் உண்டு. பின்னால் போடும் அகலமான டயர் காய்ந்த சாலையில் சிங்கம், தண்ணீரில் கட்டுமரம். அகலம் கூடக்கூட விலக்க வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. புது டயரில் வரிப்பள்ளம் சுமார் 8 மி.மீ. சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது. சக்தி வாய்ந்த பின்சக்கர வண்டியில் சட்டத்தின் எல்லைவரை காத்திருப்பது தைரியம் அல்ல. பின் டயர் 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மழைக்கு முன்னால், மே மாதத்திலேயே மாற்றிவிடுவது உத்தமம்.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு டயர்தான் புதிது வாங்கினால் முன்னால் போடச் சொல்லும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். எந்தக் காருக்கும் இது தப்பு. முன்பிடி போனால் வண்டி நேரே போகிறது, சாதாரண டிரைவராலும் சமாளிக்க முடியும். பின்பிடி போனால் வண்டி சுழல்கிறது, சமாளிக்கப் பயிற்சி வேண்டும். ஆகவே புதியது பின்னால்தான். நாலு சக்கரமும் ஒரே அளவாக இருக்கும் வண்டியில்தான் இந்தக் கேள்வியே எழும். 330ஐயின் 18 அங்குலச் சக்கரத்தில் முன்னால் 225/45, பின்னால் 255/40 என்று வேறுவேறு அளவு. முன்னதைப் பின்னால் மாற்றிச் சமமாகத் தேய விடும் வித்தை இதில் நடக்காது. பின் டயர் முதலில் தேயும், அதற்குத் தனியாகப் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

அளவு வேறானாலும் இந்த இரண்டு டயர்களின் மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்று: 660, 661 மி.மீ. தற்செயல் அல்ல. நாலு சக்கரத்தின் சுற்று வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் பிரேக்கும் வழுக்கல் தடுப்பும் வேலை செய்கின்றன. குழிகளுக்குப் பயந்து பின்னால் 255/45 போட்டால் உயரம் சுமார் 25 மி.மீ. கூடிவிடும். பின்சக்கரம் எப்போதும் மெதுவாகச் சுற்றுவதாக மின்னணு மூளை நினைத்துக்கொள்ளும். குழிகளைப் பற்றிய பயம் நியாயமானது, மருந்து வேறு.

அந்த மருந்தை ரன்ஃப்ளாட் விவகாரத்தில் தேடலாம். பி.எம்.டபிள்யூ.க்களில் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானாலும் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாமல் சுமார் 80 கி.மீ. தூரம் ஓடக்கூடிய, பக்கச்சுவர் தடித்த டயர்களே ஆலையில் பூட்டப்படுகின்றன. நள்ளிரவில் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில், 165 கி.மீ. சிமெண்டுச் சாலையின் நடுவில், ஒற்றை ஆளாக நிற்கும் டிரைவருக்கு இதன் அருமை தெரியும். விலையும் கடினத்தன்மையும் எதிர்ப்பக்கம். விறைத்த பக்கச்சுவர் குழியின் அடியை வாங்கி மடங்குவதில்லை. அடி சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகிறது. ஈரத்தில் மேடுபள்ளமான சாலையில் சாதாரண டயர் இன்னும் ஒட்டிக்கொண்டு ஓடும். நகரத்துக்குள்ளேயே சுற்றும் வண்டிக்குச் சாதாரண டயரும், டிக்கியில் ஒரு காற்றடிக்கும் கருவியும் பஞ்சர் பசையும் புத்திசாலித்தனமான கூட்டு. ஆக்ராவுக்கும் ஜெய்ப்பூருக்கும் வாரந்தோறும் இரவில் போகிற வண்டிக்கு ரன்ஃப்ளாட்டே இருக்கட்டும். நாலில் இரண்டு அது, இரண்டு இது என்ற சிக்கனம் மட்டும் கூடவே கூடாது.

எந்தக் கம்பெனி? மிஷெலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்ஸா, பிரெல்லி பி ஸீரோ என்று பெயர்கள் வரிசையில் நிற்கின்றன. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று சொகுசு கார்களுக்கென்றே பெர்ஃபின்ஸா விற்கிறது. அப்பல்லோ 2009-ல் வாங்கிய டச்சுக் கம்பெனியின் விரெடெஸ்டைன் பெயரும் இங்கே உண்டு. பெயரை விடப் பக்கச்சுவரைப் படிப்பது பயன் தரும். ஐரோப்பியச் சீட்டு ஒட்டியிருந்தால் மழைத்துளி போட்ட கட்டத்தில் ஏ அல்லது பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரப் பிடிப்பின் மதிப்பெண் அதுதான். நம் நாட்டு நட்சத்திர முத்திரை எரிபொருள் சிக்கனத்தைச் சொல்வது, பிடிப்பை அல்ல. பொறித்திருக்கும் தேய்மான எண் 500 என்றால் ரப்பர் கடினம், நீண்ட நாள் உழைக்கும். 300-க்குப் பக்கத்தில் என்றால் மென்மை, பிடிக்கும், சீக்கிரம் தேயும். அம்பாசடர் கணக்கில் நாற்பதாயிரம் கி.மீ. எதிர்பார்க்கிறவர் இந்த வண்டியை வாங்கியிருக்கக் கூடாது. வேகக் குறியீடு டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ., ஒய் என்றால் 300. எக்ஸ்பிரஸ்வேக்கே 120 கி.மீ. உச்ச வரம்பு இருக்கும் நாட்டில் இது எதற்கு என்று தோன்றும். மே மாத 45 டிகிரியில் அந்த டயர் சூட்டைத் தாங்கும் என்பதற்கான உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்வது நல்லது. ஆலை கொடுத்ததற்குக் கீழே இறங்கக் கூடாது.

தயாரிப்புத் தேதி பக்கச்சுவரில் நாலு இலக்கமாக இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமாக்கிய பிறகு இம்மாதிரி அபூர்வ அளவுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிடைத்ததை வாங்கும் மனநிலையில் இருக்கும் வாடிக்கையாளரிடம் மூன்று வருஷம் கிடங்கில் கிடந்த டயரைத் தள்ளிவிடுவது எளிது. கறுப்புப் பாலிஷ் வயதை மறைக்கும். அந்த நாலு இலக்கத்தை மறைக்காது.

காற்று விஷயத்தில் வெயில் காலத்தில் இரண்டு பவுண்டு குறைத்து வைக்கும் பழக்கம் டிரைவர்களிடையே பரவலாக உண்டு. வெடித்துவிடும் என்ற பயம். நடப்பது நேர்மாறு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்குகிறது, மடங்குவதால்தான் சூடேறுகிறது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, வண்டி எடுப்பதற்கு முன், குளிர்ந்த டயரில் நிரப்ப வேண்டும். ஓடிய பின் ஏறும் அழுத்தத்தை இறக்கிவிடக் கூடாது. ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கில் மே மாதம் வைத்த 32, ஜனவரி விடியலில் 28 ஆகியிருக்கும். அந்தக் குளிரில், 7 டிகிரிக்குக் கீழே, இந்த வகை டயரின் ரப்பரும் விறைத்திருக்கும். முதல் சில கிலோமீட்டர் காலை மெதுவாக வைப்பது தவிர வேறு வழியில்லை. அதற்காகக் குளிர்கால டயர் வாங்க இது மணாலி அல்ல.

ஒரு பின் டயரின் விலை பல வீடுகளில் டிரைவரின் மாதச் சம்பளத்தை எட்டும். ரன்ஃப்ளாட் என்றால் தாண்டவும் செய்யும். சொந்தக்காரர் தயங்குவதும், டிரைவர் கேட்கக் கூசுவதும் இதனால்தான். ‘சார், பின்னால தேஞ்சிருச்சு’ என்று சொன்னால் தன் ஓட்டும் லட்சணத்தைக் குறை சொல்வார்களோ என்று அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். 400 நியூட்டன் மீட்டர் தேய்த்ததற்கு அவர் பொறுப்பல்ல. மாதம் ஒருமுறை வரிப்பள்ளத்தை இருவரும் சேர்ந்து பார்த்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. வரிகளுக்கு நடுவே சிறு மேடாகத் தெரியும் தேய்மானக் குறி வரை போக வேண்டாம். ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து கழற்ற உதவும் வழவழப்புப் பூச்சு மிச்சமிருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கி.மீ. வரை அது முழுப் பிடிப்பைத் தராது. சொந்தக்காரர் சனிக்கிழமை மாலை டயர் மாற்றி வந்து, திங்கட்கிழமை விடியலில் நரேலாவிலிருந்து வந்து சேரும் டிரைவரிடம் சாவியைக் கொடுக்கும்போது, டயர் புதிது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.