‘ஒழிப்பு’ என்று எப்போது எழுதலாம்?

நமது இதழுக்கு வரும் களக் கட்டுரைகளில் ‘ஒழிப்பு’ என்ற ஒரே சொல் மூன்று வேறு நிலைகளைச் சுமக்கிறது. நோயாளிகள் குறைந்திருந்தால் ஒழிப்பு. ஒரு நாட்டில் பரவல் நின்றிருந்தாலும் ஒழிப்பு. உலகத்தை விட்டே நோய் போயிருந்தாலும் ஒழிப்பு. ஆங்கிலத்தில் இவை கண்ட்ரோல், எலிமினேஷன், எராடிகேஷன் எனத் தனித்தனியே நிற்கின்றன. ஒவ்வொன்றும் நம்மிடம் கேட்கும் வேலை வேறு என்பதால், பொதுச் சுகாதாரப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு அன்றாடத் தேவை.

1997இல் பெர்லினில் நடந்த டாலெம் கூட்டத்தில் வகுக்கப்பட்ட வரையறைகளே இன்றும் அடிப்படை. நோயின் அளவை உள்ளூர் ஏற்கக்கூடிய மட்டத்துக்குக் குறைப்பது கண்ட்ரோல். குறிப்பிட்ட ஒரு நிலப்பரப்பில் புதிய நோயாளிகளே இல்லாத நிலை எலிமினேஷன். உலகம் முழுவதும் நிரந்தரமாக அந்த நிலையை எட்டுவது எராடிகேஷன். முதல் இரண்டிலும் நடவடிக்கைகள் தொடர வேண்டும். மூன்றாவதில் மட்டுமே நிறுத்தலாம். மனிதர்களைத் தாக்கும் நோய்களில் அந்த இடத்தை அடைந்தது 1980இல் அறிவிக்கப்பட்ட பெரியம்மை ஒன்றுதான். கால்நடைகளில் 2011இல் வெக்கை நோய் அடைந்தது.

இவற்றோடு நான்காவதாக ஒன்று சேர்ந்தது: ‘பொதுச் சுகாதாரப் பிரச்சினை’ என்ற நிலையிலிருந்து எலிமினேஷன். இங்கே இலக்கு பூஜ்யம் அல்ல, ஓர் எல்லைக் கோடு. குழப்பம் மிகுதியாக விளைவது இங்கேதான்.

தொழுநோயைப் பாருங்கள். நம் தேசியத் திட்டத்தின் பெயரில் 1983 முதல் எராடிகேஷன் இருக்கிறது. 1991இல் உலக சுகாதாரப் பேரவை வைத்த இலக்கோ, 10,000 பேருக்கு 1 நோயாளிக்கும் குறைவு என்ற எலிமினேஷன். இந்தியா 2005 டிசம்பரில் அதைத் தேசிய அளவில் எட்டியது. அந்த விகிதம் பிரிவலன்ஸ், அதாவது அப்போது சிகிச்சைப் பதிவேட்டில் இருப்போரின் கணக்கு. ஓர் ஆண்டில் புதிதாக நோய் காண்போரைச் சொல்லும் இன்சிடென்ஸ் வேறு. 1990களின் இறுதியில் மல்டிபாசிலரி நோயாளிகளுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 24 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைந்தபோது, பதிவேட்டில் ஒருவர் இருக்கும் காலமும் பாதியானது. பரவலில் எந்த மாற்றமும் இல்லாமலே அந்த விகிதம் இறங்க இது இடம் தந்தது. இலக்கை எட்டிய பிறகும் பல ஆண்டுகள், ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். ‘ஒழிந்துவிட்டது’ என்று கேட்டுப் பழகிய மக்களும் இளம் மருத்துவர்களும் உணர்ச்சியற்ற தேமலைத் தொழுநோயாக இருக்கலாமோ என்று நினைப்பதே இல்லை. நோயாளி தாமதமாக வருகிறார். வரும்போது விரல்கள் மடங்கியிருக்கின்றன.

மலேரியா தந்த பாடம் இதைவிடப் பழையது. இலங்கையில் 1963இல் பதிவானவர்கள் 17 பேர் மட்டுமே. மருந்து தெளிப்பு கைவிடப்பட்டது, கண்காணிப்பு தளர்ந்தது. 1960களின் இறுதியில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கிய கொள்ளைநோய் எழுந்தது. இந்தியாவில் 1953இல் கண்ட்ரோல் என்று தொடங்கிய திட்டம் 1958இல் எராடிகேஷன் என்று பெயர் மாறியது. 1965இல் சுமார் 1 லட்சமாக இறங்கிய எண்ணிக்கை 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. கொசுக்களின் எதிர்ப்புத்திறன், பூச்சிக்கொல்லித் தட்டுப்பாடு எனக் காரணங்கள் பல; முடிந்த வேலை என்ற எண்ணத்தில் கண்காணிப்பு நலிந்ததும் அவற்றில் ஒன்று.

அதே இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றபோது பணியைக் கைவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து வருவோரிடம் நோயைத் தேடும் வேலையும் கொசு ஆய்வும் தொடர்ந்தன. அதனால்தான் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீபன்சை கொசு மன்னாரில் நுழைந்தது உடனே தெரியவந்தது. 2011 ஜனவரிக்குப் பின் காட்டு வைரஸால் வரும் போலியோ ஒன்றுகூட இல்லாத இந்தியாவில் சொட்டு மருந்து தொடர்வதும் இதே காரணத்தால். 2015இல் எலிமினேஷன் எட்டிய பச்சிளங்குழந்தை டெட்டனஸுக்கு எராடிகேஷன் என்ற கட்டமே கிடையாது. கிருமி மண்ணில் வாழ்கிறது, தடுப்பூசி என்றைக்கும் வேண்டும்.

ஆகவே இனி நமது இதழில் கண்ட்ரோலைக் ‘கட்டுப்படுத்தல்’ என்றும், எலிமினேஷனை ‘நீக்கம்’ என்றும், எராடிகேஷனை மட்டும் ‘ஒழிப்பு’ என்றும் எழுதுவோம். அரசுத் திட்டங்களின் அதிகாரப்பூர்வப் பெயர்கள் அப்படியே இருக்கும். ‘நீக்கம்’ என்று எழுதுபவர், எந்தப் பகுதியில், எந்த அளவுகோலின்படி, எந்த எல்லைக்குக் கீழ் என்பதை அதே பத்தியில் சொல்ல வேண்டும். எந்தப் பணி நிற்கக் கூடாது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்க்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களின் மாதாந்திரக் கூட்டங்களிலும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்குமாறு மருத்துவ அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நோயாளிகள் அரிதாகும்போதுதான் ஆட்களையும் நிதியையும் குறைக்கும் பேச்சு எழும். எஞ்சியிருக்கும் ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடிக்க வேண்டிய கட்டமும் அதுவே. அங்கே ‘ஒழிந்தது’ என்ற சொல் நம் வாயிலிருந்து வந்துவிட்டால், பணியைத் தொடரக் கேட்பதற்கு நமக்கே நியாயம் இருக்காது.