புலமைக்கு அளவுகோல் எது?

ஓர் அறிஞருடைய தகுதியை அறிய வேண்டுமானால் அவர் எழுதியதைப் படித்துப் பார்ப்பதே முறை. இன்றோ அந்தச் சிரமம் யாருக்கும் வேண்டியதில்லை. எத்தனை கட்டுரைகள் பிரசுரித்தார், பிறர் அவற்றை எத்தனை தடவை மேற்கோள் காட்டினர் என்னும் இரண்டு எண்களைக் கேட்டறிந்தால் போதும். உத்தியோகமும் உயர்வும் மானியமும் பெரும்பாலும் அவற்றைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. இவ்வழக்கம் தேசத்தின் கல்விக்குக் கேடு விளைப்பது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இக்கணக்கு பிறந்த கதை யாது? அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து யூஜீன் கார்பீல்டு 1964-இல் மேற்கோள் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எங்கெங்கே எடுத்தாண்டனர் என்று ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டவே அது தோன்றியது. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் பௌதிக சாஸ்திரி, அறிஞர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பை ஒரே எண்ணாகச் சுருக்கும் முறையை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 தடவைக்குக் குறையாமல் மேற்கோளாகியிருப்பின் அவருடைய எண் 20. கைகாட்டி மரமாக நட்டது தராசாக மாறிவிட்டது.

இத்தராசின் நேர்மையைச் சற்றுப் பார்ப்போம். புரதத்தை அளக்கும் முறையொன்றைப் பற்றி லௌரி முதலியோர் 1951-இல் எழுதிய கட்டுரை 3 லட்சம் தடவைக்கு மேல் மேற்கோளாகியுள்ளது. பரம்பரையின் இரகசியத்தை வெளிப்படுத்திய வாட்சன், கிரிக் இருவரின் 1953-ஆம் வருஷத்துக் கட்டுரையோ, 2014-இல் ‘நேச்சர்’ பத்திரிகை வெளியிட்ட முதல் 100 கட்டுரைகளின் பட்டியலில் இடம் பெறவேயில்லை!

நம் நாட்டு அறிஞர் இருவரை நோக்குவோம். சென்னை ஸர்வகலாசாலையில் பௌதிகப் பகுதிக்குத் தலைமை வகித்த ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். புரதத்தின் உருவம் சரியாகக் கணிக்கப்பட்டதா என்று உலகெங்கும் இன்றளவும் சோதிப்பது அப்படத்தைக் கொண்டே. ஆயினும் ‘ராமச்சந்திரன் படம்’ என்று பெயரை மட்டும் சொல்லி, மூலக் கட்டுரையைக் குறியாது செல்வோர் பலர். பொதுச் சொத்தாகிவிட்ட புகழ் கணக்கில் ஏறுவதில்லை.

மற்றவர் கல்கத்தாவின் கிரீந்திரசேகர போஸ். மன அடக்கத்தைப் பற்றி 1921-இல் நூல் எழுதி வியன்னாவிலிருந்த பிராய்டுக்கு அனுப்பியவர். 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியவர். எதிரெதிர் இச்சைகளைப் பற்றிய தமது கொள்கையைப் பிராய்டிடமே அஞ்சாது வாதித்தவர். அவர் உழைப்பு நூல்களிலும், வங்காளி எழுத்துக்களிலும், நோயாளிகளின் சிகிச்சையிலும் பரந்து கிடப்பது. பத்திரிகைக் கட்டுரைகளையே பெரிதும் எண்ணும் அட்டவணைக்கு அது எப்படிப் புலப்படும்? பிராய்டின் கனவு நூலே 1899-இல் வெளிவந்து, 600 பிரதிகள் விற்க 8 வருஷங்கள் சென்றன. மூலக்கூற்று உயிரியலில் ஆராய்வோர் தொகை பெரிது. மேற்கோள்கள் விரைவில் குவியும். உளப்பகுப்பாய்வின் நடையோ மெதுவானது. பருத்தியையும் பொன்னையும் ஒரே படியில் அளப்பவன் வியாபாரியாவானா?

இது வெறும் பண்டிதர் சச்சரவன்று. நமது பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியர்களுக்குப் புள்ளி முறையை விதித்தது. 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுகிறது. பலன் என்ன? ஒரே ஆராய்ச்சியைத் துண்டு துண்டாக்கிப் பல கட்டுரைகளாக்குவோர் ஒருபுறம். ஒருவரையொருவர் மேற்கோள் காட்டி எண்ணைப் பெருக்குவோர் ஒருபுறம். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் பத்திரிகைகள் மற்றொருபுறம். பத்து வருஷம் ஒரே பிரச்னையில் மூழ்கக்கூடிய இளைஞனோ வாயிற்படியிலேயே தள்ளப்படுகிறான்.

எண்ணிக்கையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது சாட்சியாக இருக்கட்டும், நீதிபதியாக வேண்டாம். உத்தியோகம் நாடுவோர் தமது சிறந்த படைப்புக்களில் ஐந்தை மட்டும் முன்வைக்கட்டும். அவ்வத்துறையில் வல்லார் அவற்றைப் படித்துத் தமது தீர்ப்பைக் காரணத்துடன் எழுதிக் கையொப்பமிடட்டும். படிக்கச் சோம்புவோர் பிறர் புலமையை நிறுக்க உரிமையற்றவர். ஸர்வகலாசாலைகளை நடத்துவோர் இதனை உணர்வாராக.