எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்குக் குழாய் கனெக்‌ஷன் தேவையா? ஒரு பி.காம் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்குக் காபி மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். மெஷினைப் பற்றி ஓரளவு தெரியும். ஆனால் இந்த விஷயத்துக்கு மெஷின் அறிவைவிட வரவு செலவு பார்க்கும் அறிவுதான் அதிகம் தேவை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் வீட்டிலேயே நல்ல எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கி வைக்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வாங்கிய கொஞ்ச நாளில் அவர்களுக்கு ஓர் ஆசை வரும். மெஷினில் உள்ள தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஊற்றி அலுத்துப்போய், "கடையில் இருக்கிற மாதிரி நேராகக் குழாயிலிருந்தே கனெக்‌ஷன் கொடுத்துவிட்டால் என்ன?" என்று யோசிப்பார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில், மாடியில் டேங்க் வைத்த சாதாரண வீட்டில், வேண்டவே வேண்டாம்.

கடையில் ஏன் குழாய் இருக்கிறது? 1961இல் இத்தாலியின் ஃபயேமா கம்பெனி இ-61 என்ற மெஷினைக் கொண்டுவந்தது. அதுவரை கடைக்காரர் நெம்புகோலை இழுத்துத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். இ-61இல் மின்சார பம்ப் வந்தது. ஊர்க்குழாயிலிருந்து நேராகத் தண்ணீரை வாங்கி, அதன் அழுத்தத்தை 9 பாருக்கு ஏற்றிக் காபித் தூளில் செலுத்தியது. நாள் முழுக்கக் காபி போடும் கடைக்கு அது பெரிய வரம். அங்கே மெஷின் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்கிறார். ராத்திரி கடையைச் சாத்தும்போது வால்வை மூடிவிட்டுப் போகலாம். அந்த ஊர்க் குழாயில் தண்ணீரும் அழுத்தத்தோடு வந்துகொண்டே இருக்கும். இந்த வசதிகளில் நம் வீட்டில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆசைப்படலாம்.

முதலில் அழுத்தம். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் கீழே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். இது பள்ளிக்கூட இயற்பியல். மாடி டேங்குக்கும் சமையலறைக் குழாய்க்கும் நடுவே 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.3 பார்தான் தேறும். குழாயில் இணைக்கும்படி செய்த மெஷின்கள் சாதாரணமாக 2 பார் அளவாவது எதிர்பார்க்கின்றன. அவற்றில் இருப்பது ரோட்டரி பம்ப். அதற்குத் தண்ணீர் சரியாக வந்து சேராவிட்டால் சத்தம் போடும், உள்ளே தேயும். (சின்ன மெஷின்களில் இருப்பது வைப்ரேஷன் பம்ப். அவற்றில் பெரும்பாலானவை தொட்டியிலிருந்து உறிஞ்சத்தான் செய்யப்பட்டவை. குழாய்ப் பேச்சே அங்கே கிடையாது.) ஆக, குழாய் போட வேண்டுமானால் வீட்டுக்கு ஒரு பிரஷர் பம்ப் வேண்டும். ஒரு செலவைத் தவிர்க்கப் போய் இன்னொரு செலவு.

இரண்டாவது, தண்ணீர். என் கணக்கில் இதுதான் பெரிய விஷயம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500) குடிதண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பரவாயில்லை என்கிறார்கள். காபிக்கு ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் சொல்லும் அளவு என்ன தெரியுமா? 150 சுமார். 75க்குக் கீழேயும் போகக் கூடாது, 250க்கு மேலேயும் போகக் கூடாது. மனிதன் குடிக்கத் தகுந்த தண்ணீர் எல்லாம் மெஷின் குடிக்கத் தகுந்தது இல்லை என்று அர்த்தம்!

போர் தண்ணீரில் ஓடும் கீசரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கும். எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் பாலைச் சூடாக்க நீராவி தரும் பாய்லர் இன்னும் மோசம். நீராவி மட்டும் வெளியே போகும், உப்பு உள்ளேயே தங்கும், மறுபடி புதுத் தண்ணீர் வரும், அதன் உப்பும் தங்கும். படிவு உள்ளே உள்ள சின்னத் துவாரங்களை அடைத்துவிட்டால் மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

"அதுதான் ஆர்.ஓ. இருக்கிறதே" என்பீர்கள். அதிலும் இரண்டு சிக்கல். பல மெஷின்களின் பாய்லரில் தண்ணீர் மட்டத்தை அறிய ஒரு கம்பி இருக்கும். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தினால்தான் அதற்கு மட்டம் தெரியும். உப்பே இல்லாத தண்ணீர் சரியாகக் கடத்தாது. பாய்லர் நிறைந்தது தெரியாமல் மெஷின் இன்னும் இன்னும் நிரப்பிக்கொண்டே போகும். உப்பில்லாத தண்ணீர் உலோகத்தையும் அரிக்கும். இரண்டாவது சிக்கல், நம் வீட்டுச் சுவரில் மாட்டும் ஆர்.ஓ.வில் தண்ணீர் ஒரு சின்னத் தொட்டியில் தேங்கித் தன் எடையால்தான் வெளியே வருகிறது. அதில் மெஷினுக்கு வேண்டிய அழுத்தம் கிடையாது.

தண்ணீரின் கடினத்தன்மையை அளந்து, அதற்கேற்ற ஃபில்டர் போட்டுக்கொள்வதுதான் சரியான வழி என்று கம்பெனிகள் சொல்கின்றன. சரியான வழிதான். ஆனால் எந்தத் தண்ணீரை அளப்பது? என் பெரியப்பா வீடு சென்னையில். பெரியப்பா மகன் மெஷின் வாங்கிவிட்டு இந்தக் குழாய் ஆசையில் இருக்கிறார். பிளம்பரிடம் பேசியாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இதைச் சொன்னபோது பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தண்ணி லாரி வர்ற அன்னிக்கு உன் மெஷினு எந்தத் தண்ணியப்பா குடிக்கும்?"

அண்ணனிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்து எந்த மெஷினின் கையேட்டிலும் இதற்குப் பதில் இல்லை. மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. மழைக்காலத்தில் ஒரு தண்ணீர், சித்திரையில் வேறு தண்ணீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்ததை நாம் மறக்கவில்லை. அந்தச் சமயத்தில் குழாய்த் தண்ணீரை நம்பி வீட்டில் யாரும் எதையும் செய்யவில்லை. தொட்டியில் கையால் ஊற்றும்போது எந்தத் தண்ணீர் என்பதை நாம் முடிவு செய்கிறோம். குழாய் போட்டுவிட்டால் அதைச் சம்ப் முடிவு செய்யும்.

மூன்றாவது, கசிவு. மெஷினுக்குப் போகும் குழாய் பெரும்பாலும் ஆர்.ஓ.வுக்குப் போடுவது மாதிரி மெல்லிசான பிளாஸ்டிக் குழாய்தான். அது கழன்று நிமிடத்துக்கு 2 லிட்டர் வெளியேறுகிறது என்று வையுங்கள். எல்லோரும் வேலைக்குப் போன 8 மணி நேரத்தில் 960 லிட்டர். ஒரு 1000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் கிட்டத்தட்ட காலி. கீழ் வீட்டுக்காரர் கூரையிலும் அது இறங்கும். தொட்டி மெஷினில் என்ன ஆனாலும் 2.5 லிட்டருக்கு மேல் கொட்டாது. கணக்குப் பாடத்தில் நஷ்டத்துக்கு வரம்பு வைப்பது பற்றிப் படிக்கிறோம். தொட்டிதான் அந்த வரம்பு.

இதோடு பலர் மறந்துவிடும் ஒன்று, கழிவு நீர். மெஷின் ஒவ்வொரு காபிக்குப் பின்னும் கொஞ்சம் தண்ணீரைக் கீழே உள்ள தட்டில் விடும். வருகிற பக்கம் குழாய் போட்டுவிட்டுப் போகிற பக்கம் போடாவிட்டால் அந்தத் தட்டைத் தினமும் தூக்கிக் கொட்ட வேண்டும். மறந்தால் மேடை முழுக்கத் தண்ணீர். தொட்டி இருந்தாலாவது அதை நிரப்பப் போகும்போது தட்டும் ஞாபகத்துக்கு வரும்.

இனி வரவுப் பக்கம். ஒரு வீட்டில் தினம் 6 கப் என்று வையுங்கள். கழுவுவது, சுத்தம் செய்வது எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லிட்டர் போதும். 2.5 லிட்டர் தொட்டியை இரண்டு நாளைக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். வருடத்துக்கு 182 தடவை, தடவைக்கு 2 நிமிடம், மொத்தம் சுமார் 6 மணி நேரம். குழாய் போட்டால் மிச்சமாவது இந்த 6 மணி நேரம்தான். செலவுப் பக்கத்தில் பிரஷர் பம்ப், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, ஃபில்டர், அதற்கு அவ்வப்போது புதுக் கார்ட்ரிட்ஜ், கழிவுக் குழாய், பிளம்பர் கூலி. உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கூட்டி 6 மணி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் செலவு வருடா வருடம் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. குழாயின் மிதமான அழுத்தத்திலேயே தூளை முதலில் நனைத்துவிட்டுப் பிறகு பம்பை ஓடவிடலாம். சில மெஷின்களில் இது நன்றாக வேலை செய்கிறது, தண்ணீர் தூளில் சீராக இறங்குகிறது. பெரிய அடுக்குமாடிகளில் பிரஷர் சிஸ்டமும் சுத்திகரித்த தண்ணீரும் ஏற்கனவே இருக்கலாம். தொட்டியைத் தூக்க முடியாத வயதானவர்கள் இருக்கும் வீடும் உண்டு. இவர்கள் தாராளமாகப் போடட்டும். ஆனால் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பால் வால்வு வைத்து, வெளியே கிளம்பும்போதெல்லாம் மூட வேண்டும்.

மற்றவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. நாம் வாங்கும் 20 லிட்டர் கேனிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மெஷினுக்கு அழுத்தத்தோடு அனுப்பும் சின்ன பம்ப் கிடைக்கிறது. ரோட்டரி மெஷினுக்கும் அது பொருந்தும். கசிந்தாலும் 20 லிட்டரோடு போகும். நமக்குத் தெரிந்த தண்ணீர்தான் உள்ளே போகும். ஆனால் தினம் 6 கப் வீட்டில் ஒரு கேன் தீர 16 நாள் ஆகும். அத்தனை நாள் திறந்த கேனை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தினம் 20, 30 கப் போடும் சின்ன அலுவலகத்துக்குச் சரியாக இருக்கும்.

அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான். பிளம்பருக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம். ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, ஒரு வருடம் மாதாமாதம் சமையலறைக் குழாய்த் தண்ணீரை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லாரி வந்த நாளில் தனியாக அளங்கள். உப்பு மாறுவது அதிலேயே தெரிந்துவிடும். பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி வந்தால் கடினத்தன்மையையும் சோதித்துக்கொண்டு, ஃபில்டர் போட்டுக் குழாய் இழுக்கலாம். நானே கூட வந்து நிற்கிறேன். மாறி மாறி வந்தால் தொட்டியிலேயே ஊற்றுங்கள். இரண்டு நாளைக்கு இரண்டு நிமிடம்தான். பெரியம்மா மீட்டர் வாங்கச் சம்மதித்துவிட்டார். அண்ணன் இன்னும் யோசிக்கிறார்.