ஆளில்லா வீட்டில் மழைக் கணக்கு

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அறமும் பொருளும் இன்பமும் மழையின்றி நடவா என்பதனாலேயே அவ்வாறு வைத்தார் என்பர் உரைகண்ட பெரியோர். மலைநாட்டில் வாழும் நமக்கோ மழை பயிரை வளர்ப்பதாகவும் இருக்கின்றது. ஓரிரவிற்குள் நம்மை வீட்டோடு புதைப்பதாகவும் இருக்கின்றது. ஆகலின், அதனைப் போற்றுவதோடு அளந்து வைத்தலும் நம் கடனாகின்றது. விழாக் காணும் நம் கல்லூரியின் இம்மலரில் அக்கடனைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

கண்டிப் பகுதிக்குரிய அரசினர் வானிலை நிலையம் கட்டுகஸ்தோட்டையில் உள்ளது. அங்கிருந்து வத்துகாமம் நோக்கிச் செல்லும் வழியில் இருப்பது மடவளை. தொலைவு சில கல்லே. ஆயினும், இருவகைப் பருவக் காற்றுக்களையும் எதிர்கொண்டு நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் அணித்தே இருத்தலால், ஓர் ஊரில் கொட்டும் மழை அடுத்த ஊரில் வெறும் தூறலாய் ஒழிவதை இங்குள்ளார் யாவரும் அறிவர். சரிவில் வீழும் மழையைச் சரிவிலேயே வைத்து அளத்தல் வேண்டும்.

இன்று இது கைக்கெட்டாத காரியமன்று. மழைமானி, காற்றுமானி, வெப்பமானி, அமுக்கமானி யாவும் ஒருங்கமைந்த சிறு நிலையமொன்றை முற்றத்தில் நாட்டி, வீட்டினுள் இருக்கும் கணினியோடு இணைத்துவிட்டால், அதிலுள்ள மென்பொருள் இரவு பகலாகக் கணக்கெழுதும். வீவெக்ஸ், குமுலஸ் முதலிய மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. மனிதன் உறங்கும்போதும் கருவி எழுதவேண்டும் என்னும் ஆசை புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் கிறிஸ்தோபர் ரென், ரொபேட் ஹூக் என்னும் அறிஞர்கள் தானே எழுதும் வானிலைக் கடிகாரத்தை ஆக்க முனைந்தனர். அவர்கள் கண்ட கனவு இன்று நம் வீட்டு மேசைமேல் இருக்கின்றது.

எனினும், கருவியை வாங்கி வைப்போர் பலர் ஒன்றனை எண்ணுவதில்லை. பெருமழை பெய்யும் இரவே மின்சாரம் அறும் இரவு. மரம் சாய்ந்து கம்பி அறுவது அப்பொழுதே. மண் சரிந்து கம்பம் வீழ்வதும் அப்பொழுதே. எந்த இரவின் கணக்கு நமக்கு இன்றியமையாததோ அந்த இரவிலேயே கணினி உறங்கிவிடுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாடெங்கும் 600 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டு, கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளைக் குலைத்தபோது, மின்சாரமும் தொலைபேசியும் பல ஊர்களில் அற்றுப்போயின. புயலால் மட்டுமன்றிப் பிறவாற்றாலும் இது நேரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறைத் துணைமின்னிலையத்துள் புகுந்த குரங்கொன்று நாடு முழுவதையுமே இருளில் ஆழ்த்திற்று.

எமது மடவளை இல்லத்திலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. பதினைந்து நாள் வெளியூரில் தங்கித் திரும்பிவந்து பார்த்தபோது, யாம் புறப்பட்ட மறுநாளே மின்சாரம் போய் மீண்டதென்றும், கணினி தானே எழுந்து கடவுச்சொல்லைக் கேட்டு, கேட்டவாறே எஞ்சிய நாளெல்லாம் நின்றதென்றும் கண்டோம். கருவியிற் குற்றமில்லை. வினவினால் விடைகூற வீட்டில் ஆளில்லை என்பதை எண்ணாத எம்மிடமே குற்றம்.

ஆளில்லா வீட்டுக் கணினிக்கு வேண்டுவன ஐந்து என்று பட்டறிந்து கூறுகின்றோம். முதலாவது, மின்சாரம் மீண்டவுடன், பொத்தானை அழுத்துவார் ஒருவரை எதிர்பாராது கணினி தானே எழுதல். இதற்கான ஏற்பாடு பல கணினிகளின் அடிப்படை அமைப்பிலேயே உண்டு. அதனைத் தெரிந்து வைத்தலே நம் வேலை. இரண்டாவது, மென்பொருளானது கடவுச்சொல் இட்டு ஒருவர் நுழைந்த பின்னர்த் தொடங்குவதாக அன்றி, கணினியோடு உடனெழும் பின்னணிச் சேவையாக அமைதல். முன்னையது கதவு திறக்கும்வரை வாசலில் நிற்கும் விருந்தினனை ஒக்கும். பின்னையது வீட்டிலேயே துயிலும் ஏவலாளனை ஒக்கும். மூன்றாவது, கணினியை அதன் வழக்கப்படி உறங்கவிடாமையும், மென்பொருள் இடையில் நின்றுவிட்டால் கண்டெழுப்பும் காவல் நிரல் ஒன்றை வைத்தலும்.

நான்காவது, கணினி கிடந்தாலும் கணக்குக் கிடவாமை. டேவிஸ் நிறுவனத்தாரின் நிலையங்களிற் பொருத்தப்படும் பதிவுச் சில்லு 2,560 பதிவுகளைத் தன்னுள் வைத்திருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எழுதினால் அது 17 நாளுக்கு மேற் போதும். கணினி எழுந்ததும் விட்டுப்போனவற்றை அதனிடம் கேட்டு வாங்கி நிரப்பும் மென்பொருளே சிறந்தது. இவ்வேற்பாடு எம்மிடம் இருந்திருப்பின் அந்த நாட்களின் மழையை இழந்திரோம். ஐந்தாவது, பெரிய கணினியை விடுத்துச் சிறியதொன்றை நாடுதல். 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி சில வாற்று மின்சாரத்தையே உண்பது. சிறியதொரு மின்கலத்தைக் கொண்டே அதனை நெடுநேரம் இயக்கலாம்.

மணியைப் பற்றியும் ஒரு சொல். இச்சிறு கணினிகள் பலவற்றுக்குத் தமக்கெனக் கடிகார மின்கலம் இல்லை. மின்சாரம் மீண்டும் இணையம் மீளாதபோது, அவை பிழையான நேரத்தோடு எழுந்து, இன்றைய மழையை வேறொரு நாளின் கணக்கில் எழுதிவிடும். நேரப் பிழையின் இடரை இந்நாட்டார் அறிவர். 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முந்தியதாக்கப்பட்டது; அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறு மணியாயிற்று; 2006 ஏப்ரலிலேயே பழைய ஐந்தரை மணிக்கு மீண்டது. அப்பத்தாண்டுக் குறிப்புகளில் ஒரு மணி எந்த மணி என்று கேட்டுத் தெளியவேண்டியுள்ளது. ஆதலால், கணக்கைக் கிரீன்விச் நேரத்தில் வைத்து, படிக்கும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்வது நன்று.

இவையெல்லாம் செய்த பின்னும் கருவி தவறுதல் கூடும். அப்பொழுது நாம் செய்யத்தகாதது ஒன்றுண்டு. கணக்கில்லாத நாளில் பூச்சியம் எழுதுதல் கூடாது. மழை பெய்யவில்லை என்பது ஒரு செய்தி. மழை பெய்ததோ என்பது தெரியாது என்பது பிறிதொரு செய்தி. செயலற்றுக் கிடந்த கருவியின் பெயரால் எழுதப்படும் பூச்சியம், மலை சரிந்த இரவை வறண்ட இரவென்று வருங்காலத்தாருக்குப் பொய்யுரைக்கும். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடும் நேர்மை, கணக்கெழுதுவோனுக்கு முதற் பண்பாகும்.

மற்றும், இயங்கும் கருவியும் பொய்யுரைக்கும். மழைமானியின் புனலில் ஒரு மாவிலை வீழ்ந்து அடைத்தாலும், எறும்பு கூடு கட்டினாலும், வெளியே வெள்ளம் ஓட உள்ளே பூச்சியம் எழுதப்படும். இதனை எந்த மென்பொருளும் எழுந்து சென்று துடைக்கமாட்டாது. ஆகவே, அருகில் எளிய மழைமானி ஒன்றையும் வைத்து, வளிமண்டலவியல் திணைக்களத்தார் கொள்ளும் காலை 8.30 மணிக்கே இயன்ற நாளெல்லாம் கையால் அளந்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஆளில்லாமல் இயங்குவது வேறு. பொறுப்பாளர் இல்லாமல் இயங்குவது வேறு.

இதனை இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தலும், 100ஐக் கடந்தால் எச்சரிக்கையும், 150ஐக் கடந்தாலோ ஒரு மணி நேரத்திலேயே 75ஐக் கடந்தாலோ வெளியேறுதலும் வேண்டுமென்பது மண்சரிவுக்காகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வகுத்துள்ள அளவு. மலைச்சரிவில் இருப்போருக்கு எண் என்பது உயிர். ஆயினும், எண் மட்டும் போதாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களின்மேல் மலை சரிந்ததே, அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. கருவி எழுதியதைப் படிப்பாரும், படித்ததைச் சொல்வாரும், சொன்னதைக் கேட்டு மாற்றிடம் தருவாரும் வேண்டும். வீட்டுக் கருவி அரசினர் எச்சரிக்கைக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.

நம் பழைய மாணவர் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். மலைநாட்டில் அவர்தம் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய வீடு தோறும் ஒரு சிறு நிலையம் இருக்குமாயின், அவ்வீடுகள் ஊருக்குக் காவலாய் அமையும். கல்லூரி வளவிலும் ஒன்றை நாட்டலாம். விழாவின் நினைவாக வளைவும் கல்வெட்டும் எழுப்புவதை யாம் வெறுக்கவில்லை. ஆயினும், முப்பதாண்டு இடையறாத மழைக் கணக்கு ஒன்று எக்கல்வெட்டினும் பயன் மிக்கது. முப்பதாண்டுக் கணக்கைக் கொண்டே ஓரிடத்தின் காலநிலையை வகுப்பது உலக வழக்கு.

ஆனால், ஒரு நிபந்தனை. கருவிக்குப் பணம் அனுப்புவோர், அதனோடு அதைப் பேணும் மாணவன் ஒருவனையும் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். அவன் மாதத்துக்கு இருமுறை சென்று புனலைத் துடைப்பான். மின்னிணைப்பை வேண்டுமென்றே ஒருமுறை நிறுத்தி, கணினி தானே எழுகின்றதா என்று பார்ப்பான். எழாத நாளை எழவில்லை என்றே குறித்து வைப்பான். அம்மாணவனுக்கு அது அறிவியற் பாடம் மட்டுமன்று, வாய்மைப் பாடமுமாகும்.